அடிக்குக் கால் இஞ்ச்

அத்தியாயம் 14

“உன் இடது தோள் மட்டும் யார் கூப்பிட்டு இப்படிக் கீழே இறங்குது?”

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்து எல்லாரும் காலணி கழற்றிக்கொண்டிருந்தபோது, பாலே டீச்சர் அவளைத் தனியாக நிறுத்திக் கேட்ட கேள்வி அது. கேலி போலத்தான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. அவளைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, முதுகுத் தண்டை ஒவ்வொரு கணுவாக விரலால் தொட்டுக்கொண்டே கீழே வந்தார். பிறகு ஒரு தாளில் நாலு வரி எழுதி மடித்துக் கொடுத்தார்.

“வீட்டுல குடு. முதுகெலும்பை ஒரு படம் எடுத்துப் பாக்கணும். வளைஞ்சிருந்தா தேர்வுல வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. நல்லா இருக்குன்னு டாக்டர் எழுதிக் குடுத்தாத்தான் உன்னை உள்ளே விடுவாங்க.”

அந்தச் சீட்டு மூன்று வாரமாகக் கொக்கின் அலமாரியில், கம்பளிச் சட்டைக்கு அடியில் கிடந்தது.

கொக்கு என்பது அக்கா வைத்த பெயர். பதினாறு வயதில் பல் தேய்க்கும்போதுகூட ஒற்றைக் காலில் நிற்கிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவது என்பது அக்காவின் கட்சி.

தேர்வு நாளைக் காலை ஒன்பது மணிக்கு. பாலே பள்ளியில் இரண்டு வருட முழுநேரப் படிப்புக்கான தேர்வு. நாலே நாலு பேரைத்தான் எடுப்பார்கள். அடுத்த வருடம் என்றால் அவளுக்கு வயது தாண்டிவிடும்.

இந்தக் குடும்பத்தை வாராவாரம் பார்த்து வருகிறவர்களுக்கு அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இன்றுதான் கதவைத் தட்டுகிறவர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. அப்பா குழாய் வேலைக்காரர். புதுக் கட்டடங்களில் கழிவுக் குழாய் போடுவது முப்பது வருடமாக அவர் தொழில். வாயைத் திறந்தால் காற்று உள்ளே போய்விடும் என்பதுபோல இருப்பார். மகள் பாலே கற்கப் போனது அவருக்குப் பிடிக்கவில்லை. “ஒத்தக் கால்ல நிக்கறதுக்கு ஒரு பள்ளிக்கூடமா?” என்று கேட்டவர், அதற்குப் பிறகு நாலு மாதம் அவளோடு பேசவில்லை.

பேசாமலே ஒரு ஞாயிற்றுக்கிழமை தோளில் எட்டடி இரும்புக் குழாயைச் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். “எந்த உயரம்?” என்றார். அவள் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்துக் காட்டினாள். ஹால் சுவரில் கதவுப் பக்கம் ஒரு குறி, சன்னல் பக்கம் ஒரு குறி. முனைக்கு இரண்டாக நாலு கிளாம்ப் அடித்து, குழாயை மாட்டி, பழைய துணியால் துடைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார். பாலே பழகுகிறவர்கள் பிடித்துக்கொண்டு நிற்கிற கம்பி அது. அன்றைக்குக் கொக்கு அதைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அழுதாள். அது நடந்து எட்டு மாதம் ஆகிறது. அப்பாவும் மகளும் மறுபடி பேசிக்கொண்டதும் அன்றிலிருந்துதான்.

போன வாரம் அந்த அப்பாவுக்கு ஓர் அடி விழுந்தது. புதிதாக வந்த சின்ன வயது ஃபோர்மேன், சுவரில் லேசர் அடித்துப் பார்த்துவிட்டு, அவர் போட்ட குழாய் ஒன்று சரியில்லை என்றான். “கண்ணு போயிடுச்சு போல. கொஞ்ச நாள் ஸ்டோர்ல உக்காருங்க” என்று எல்லார் முன்னாலும் சொன்னான். அப்பா இப்போது ஸ்டோரில் உட்கார்ந்து, கேட்கிறவர்களுக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கிறார்.

இந்த நிலையில் முதுகெலும்புச் சீட்டை எந்த முகத்தோடு நீட்டுவது? அதைவிட, நீட்டிய பிறகு உண்மையிலேயே வளைந்திருக்கிறது என்று வந்துவிட்டால்?

அதனால்தான் கம்பளிச் சட்டை.

* * *

காலை ஆறரை மணி. அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய சீருடை, மற்ற துணிகளோடு ஹேங்கரில் அந்தக் கம்பியில்தான் தொங்கும். எட்டடிக் கம்பியைச் சும்மா விட அம்மாவுக்கு மனசு வராது.

“நேத்து கதவுகிட்ட மாட்டினேன். இப்போ பாரு, எல்லாம் சன்னல்ல போய் குமிஞ்சிருக்கு” என்றாள். “அந்தச் சன்னல்ல எந்தப் பேய் உக்காந்துக்கிட்டு என் ஹேங்கரை இழுக்குதோ.”

“காத்தும்மா” என்றாள் அக்கா, வாயில் ரொட்டியோடு.

“சாத்தின சன்னல்ல ஏதுடி காத்து?”

இது எட்டு மாதமாக நடக்கிற பேச்சு. யாரும் நின்று யோசித்ததில்லை.

அப்பா கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். ஸ்டோர் வேலைக்குப் பை தேவையில்லை. ஆனாலும் தினமும் எடுத்துக்கொண்டுதான் போகிறார். அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை.

“உக்காந்த இடத்துல வேலை. முட்டி வலியாவது குறையும்ல” என்றாள் அம்மா, ஆறுதலாக.

அப்பா செருப்பை மாட்டுவதை நிறுத்தினார். “கழிவுக் குழாய் எவ்வளவு சரியணும்னு பாக்க அவனுக்கு லேசர் வேணும். அடிக்குக் கால் இஞ்ச். அதுக்கு மேல போனா தண்ணி மட்டும் ஓடிடும், அழுக்கு தங்கிடும். குறைஞ்சா ரெண்டுமே தங்கிடும். தூக்கத்துல எழுப்பிக் குழாயைக் கையில குடுத்தாலும் என் கை அதைத்தான் போடும்.”

ஒரு வாரத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அது. பேசி முடித்ததும் அவருக்கே கூச்சமாகிவிட்டது. கொக்கைப் பார்த்தார்.

“நாளைக்கு ஒம்பது மணிதானே?”

“ஆமாப்பா.”

“லீவு சொல்லிட்டேன். நானும் வரேன்.”

வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள் என்று டீச்சர் சொன்னாரே, அந்த வாசலில் இப்போது அப்பாவும் நிற்கப் போகிறார்.

அவர்கள் இருவரும் படி இறங்கிய சத்தம் அடங்கியதும் அவள் அலமாரியைத் திறந்தாள். அக்கா ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறவள். எட்டு மணிக்கு அவளுக்கு வேலை. தலை வாரிக்கொண்டிருந்தவள் முன்னால் கொக்கு சீட்டை நீட்டினாள்.

அக்கா படித்தாள். தேதியைப் பார்த்தாள். சீப்பைக் கீழே வைத்தாள்.

“மூணு வாரம்.”

“அக்கா…”

“ஊர்ல இருக்கிறவன் முதுகையெல்லாம் நான் படம் எடுக்கறேன். ஒரு நாளைக்கு முப்பது முதுகு. கூடப் பிறந்தவ முதுகு மட்டும் சட்டைக்கு அடியில ஒளிஞ்சிருக்கு. அறிவிருக்கா உனக்கு?”

“வளைஞ்சிருந்தா என்ன பண்றது?”

“வளைஞ்சிருந்தா வளைஞ்சிருக்கு. நீ பாக்காம இருந்தா நிமிர்ந்துடுமா? கிளம்பு.”

பஸ்ஸில் கொக்கு உட்காரவில்லை. இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கண்ணாடியில் தெரிந்த தன் தோளைப் பார்ப்பதும், வேறு பக்கம் திரும்புவதுமாக வந்தாள். இடது தோள் இறங்கித்தான் இருந்தது. தூக்கினாள். ஒரு நிறுத்தம் வருவதற்குள் அது தானாக இறங்கிவிட்டது.

* * *

படம் எடுக்க ஒரு நிமிடம். டாக்டர் வர இரண்டரை மணி நேரம்.

அந்த இரண்டரை மணி நேரத்தில் கொக்கு, வரவேற்பறைத் தரையில் எத்தனை கல் பதித்திருக்கிறது என்று எண்ணி முடித்தாள். அக்கா மூன்று தடவை வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அக்காவுக்குப் படம் பார்க்கத் தெரியும். ஆனால் டாக்டர் பார்க்கும் முன் வாயைத் திறக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அந்த ஒன்றும் காட்டாத முகம்தான் கொக்கைப் பாதி கொன்றுவிட்டது.

டாக்டர் வயதானவர். படத்தை விளக்கில் மாட்டி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுப் பார்த்தார்.

“யாரும்மா இது வளைஞ்சிருக்குன்னு சொன்னது? இதை வச்சு நோட்டுல கோடு போடலாம். அவ்வளவு நேரா இருக்கு.”

அக்கா பின்னால் நின்று கொக்கின் பின்னலைப் பிடித்து இழுத்தாள். சந்தோஷம் வந்தால் அக்காவுக்குக் கை சும்மா இருக்காது.

“அப்போ தோள் ஏன் சாயுது டாக்டர்?”

டாக்டர் அவளை நிற்க வைத்துப் பார்த்தார். நடக்க வைத்துப் பார்த்தார். இரண்டு கையையும் தூக்கச் சொன்னார்.

“எலும்புல ஒண்ணுமில்ல. தசை பழகியிருக்கு. பை ஒரே தோள்ல மாட்டுவியா?”

“ரெண்டு தோள்லயும்தான்.”

“ஒருக்களிச்சுப் படிப்பியா?”

“இல்ல.”

“ஏதோ ஒண்ணை தினமும் சாஞ்சு பண்றே. எதுன்னு நீதான் கண்டுபிடிக்கணும். அதை நிறுத்தினா மெதுவா சரியாகும். நிறுத்தாட்டி நாளைக்கு எலும்பும் அது பின்னாலயே போகும்.” எழுதிக்கொண்டே சொன்னார். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, தாளை நீட்டினார்.

வாசல் தாண்டக் கடிதம் கிடைத்துவிட்டது. ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே போனால் அங்கே தேர்வு நடத்தும் மூன்று பேர் உட்கார்ந்து தோளைத்தானே பார்ப்பார்கள்?

* * *

அக்காவின் வேலை இரண்டு மணிக்கு முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் கொக்கு நாளைக்குப் போட வேண்டிய இளஞ்சிவப்பு நீள் காலுறையைத் துவைத்து, பிழிந்தும் பிழியாமலும் கம்பியின் கதவு முனையில் போட்டாள்.

பிறகு கைபேசியைக் காலி ஜாம் பாட்டிலுக்குள் நிறுத்தினாள். அப்படி வைத்தால் சத்தம் கொஞ்சம் பெரிதாகக் கேட்கும். டீச்சர் தன் வகுப்பு ஒன்றை முழுதாகப் பதிந்து கொடுத்திருந்தார். நாற்பது நிமிடம். பியானோ, நடுநடுவே டீச்சரின் எண்ணிக்கை, ஒரு பக்கம் முடிந்ததும் “மறுபக்கம்” என்ற குரல். ஓரிடத்தில் பியானோக்காரர் தும்முவார். எட்டு மாதப் பழக்கத்தில், அந்தத் தும்மல் கேட்காவிட்டால் கொக்குக்குக் குதிகால் எழும்பாது. நேரில் வகுப்புக்குப் போனால் அந்த இடம் வரும்போது அவள் பியானோக்காரரைப் பாவமாகப் பார்ப்பாள்.

“நீ எப்பவும் பண்ற மாதிரியே பண்ணு. நான் பின்னாலேருந்து படம் எடுக்கறேன். எந்த இடத்துல தோள் இறங்குதுன்னு பாத்துடலாம்” என்றாள் அக்கா.

முதலில் சுவரைப் பார்த்து நின்று, இரண்டு கையும் கம்பியில் வைத்து, முட்டியை மடக்கி எழும் பிளியே. அதன் பிறகு பக்கவாட்டில். இடது கையால் பிடிக்கும்போது கதவைப் பார்த்துச் சன்னல் முனையில் நிற்பாள். வலது கையால் பிடிக்கும்போது சன்னலைப் பார்த்துக் கதவு முனையில் நிற்பாள். ஹால் சின்னது. முன்னால் வீசும் கால் எதிலும் இடிக்காமல் இருக்க வேறு வழியில்லை.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். கொக்கு கால் வீசுகிற ஒவ்வொரு தடவையும் கம்பி லேசாக அதிர்ந்தது.

“நிறுத்து” என்றாள் அக்கா.

“தோள் இறங்கிடுச்சா?”

“தோளை விடு. இங்க வந்து பாரு. உன்னைப் பாக்காதே. ஹேங்கரைப் பாரு.”

அக்கா படத்தை வேகமாக ஓட்டிக் காட்டினாள். கொக்கு சன்னல் முனையில் நிற்பதற்காக நடுவுக்குத் தள்ளிவிட்டிருந்த மூன்று ஹேங்கரும், கொக்கு ஒவ்வொரு முறை கால் வீசும்போதும் துளித்துளியாக நகர்ந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகப் போவதுபோல, மூன்றும் சன்னலை நோக்கியே போயின. ஒன்றுகூடக் கதவுப் பக்கம் திரும்பவில்லை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சன்னல் சாத்தியிருந்தது.

அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து அக்கா அளவு நாடாவை எடுத்துவந்தாள். கதவு முனையில் தரையிலிருந்து கம்பி வரை அளந்தாள். நாற்பத்தொன்றரை இஞ்ச். சன்னல் முனையில் அளந்தாள். திரும்ப அளந்தாள்.

“முப்பத்தொம்பதரை.”

“ரெண்டு இஞ்சா?”

“எட்டடிக்கு ரெண்டு இஞ்ச்.”

அடிக்குக் கால் இஞ்ச். காலையில் வாசலில் நின்று சொன்ன அப்பாவின் குரல் இருவர் காதிலும் ஒன்றாகக் கேட்டிருக்க வேண்டும். அக்காதான் முதலில் தரையில் உட்கார்ந்தாள்.

“கழிவுக் குழாய் மாதிரியே போட்டுட்டாரு” என்றாள். சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

கொக்கு கம்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சுவரைப் பார்த்து நின்றால் இடது கை சன்னல் பக்கம். பக்கவாட்டில் நின்றாலும் இடது கைக்குச் சன்னல் முனை, வலது கைக்குக் கதவு முனை. எட்டு மாதமாக இடது கை பள்ளத்திலும் வலது கை மேட்டிலும். தோள் வேறு எங்கே போகும்?

“டாக்டர் கேட்டாரே, அது இதுதான்” என்றாள் மெல்ல.

“அப்பாகிட்ட சொல்லணும்.”

“வேணாம்.”

“என்னடி வேணாம்? சாயங்காலம் வருவாரு, கால் மணி நேரத்துல கழட்டி நேரா மாட்டிடுவாரு.”

“ஒரு ராத்திரியில என் தோள் நேராயிடாதுக்கா. கம்பியை நேராக்கி இப்போ என்ன பிரயோஜனம்? அந்த ஃபோர்மேன் சொன்னதையே நானும் சொல்ற மாதிரி இருக்கும். கண்ணு போயிடுச்சுன்னு.”

“கண்ணு போகலடி. கண்ணை மூடிக்கிட்டும் அவர் கை சரியாத்தான் போட்டிருக்கு. அதான் வம்பே.”

“அதை எப்படிச் சொல்லுவே? சொல்லிப் பாரு. என்னையே அப்பான்னு நினைச்சுக்கிட்டு சொல்லு.”

அக்கா அளவு நாடாவைச் சுருட்டிச் சன்னல் திண்டில் வைத்தாள்.

“நாளைக்கு உன்னை எடுக்கலன்னா அவர் கேப்பாரே, ஏன்னு. அப்போ என்ன சொல்லுவே?”

“நான் நல்லாப் பண்ணலன்னு சொல்லுவேன்.”

“நல்லா இருக்கு நியாயம்.”

கடைசியில் பாதி வழியில் ஒத்துப்போனார்கள். அப்பா வருவதற்குள் சன்னல் முனைக் கிளாம்பைத் தளர்த்தி, கம்பியைக் கொஞ்சம் உயர்த்தி, அடியில் கட்டை எதையாவது சொருகிவிடுவது. இன்றைக்கு ஒரு மணி நேரமாவது நேரான கம்பியைப் பிடித்துத் தோளுக்குப் புத்தி சொல்லலாம். அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

அக்கா திருப்புளியை எடுத்தாள். முதல் திருகு அசையவில்லை. இருவரும் சேர்ந்து தொங்கினார்கள். அசையவில்லை. அப்பா அடித்த திருகு.

“மனுஷன் ஒரு வேலையையாவது அரைகுறையா பண்றாரா பாரு” என்றாள் அக்கா, மூச்சு வாங்க.

அப்போது கதவுப் பூட்டில் சாவி திரும்பியது.

* * *

மணி நாலரைதான். அப்பா வழக்கமாக ஆறு மணிக்கு வருகிறவர்.

அக்கா திருப்புளியைச் சன்னல் திண்டில் வைத்து, அதன் மேல் கையை ஊன்றி நின்றாள். அப்பா பையைக் கழற்றி, சுவரோரம் வைத்தார். இருவரையும் பார்த்தார்.

“என்ன?”

“ஒண்ணுமில்லப்பா. சீக்கிரம் வந்துட்டீங்க?”

“ஸ்டோர்ல என்ன இருக்கு. சொல்லிட்டு வந்துட்டேன்.” கை கால் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டே வந்தவர், நாற்காலியை இழுத்துக் கம்பிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த விதமே புதிதாக இருந்தது. சினிமா பார்க்க வந்தவர்போல இரண்டு கையையும் முட்டியில் வைத்துக்கொண்டார்.

“நீ பண்ணும்மா. நான் ஒரு தடவைகூட முழுசாப் பாத்ததில்ல. நாளைக்கு அங்க என்ன பண்ணுவேன்னு தெரியணுமில்ல.”

கொக்கு அக்காவைப் பார்த்தாள். அக்கா ஜாம் பாட்டிலைப் பார்த்தாள்.

“எதைப் பாத்து எடுப்பாங்க?” என்று கேட்டார் அப்பா.

“நேரா நிக்கறோமான்னு பாப்பாங்க.”

“அதுல உனக்கென்ன பயம். நீ நேரா நிக்கத்தானே அந்தக் கம்பியைப் போட்டேன்.”

அக்கா சட்டென்று சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பியானோ ஆரம்பித்தது. கொக்கு சுவரைப் பார்த்து நின்று இரண்டு கையையும் கம்பியில் வைத்தாள். தெரிந்த பிறகு அது தெரியாமல் இருக்குமா? இடது கை ஒரு படி இறங்கி நிற்பதுபோல இருந்தது. இடது தோளைத் தூக்கினாள். தூக்கினால் கழுத்து விறைத்தது. கழுத்தை விட்டால் தோள் இறங்கியது. முதுகு முழுக்க அப்பாவின் பார்வை பட்டுக்கொண்டிருந்தது.

ஒண்ணு, ரெண்டு, மூணு, என்று டீச்சரின் குரல் பாட்டிலுக்குள்ளிருந்து எண்ணியது.

கதவைப் பார்த்துத் திரும்பினாள். இடது கை சன்னல் முனையில். காலை முன்னால் நீட்டினாள், இழுத்தாள். எதிரே அலமாரிக் கண்ணாடியில் அப்பா தெரிந்தார். அவர் முகத்தில் ஓர் ஓரமாகச் சிரிப்பு இருந்தது. போன வாரத்துக்குப் பிறகு வீட்டில் யாரும் பார்க்காத சிரிப்பு. இது கெடாமல் இந்த நாற்பது நிமிடம் ஓடிவிட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு. நாளைக்கு என்ன ஆனாலும் ஆகட்டும்.

பியானோக்காரர் தும்மினார். அவள் குதிகாலைத் தூக்கினாள்.

கண்ணாடியில் அப்பா அவளைப் பார்க்கவில்லை.

அவர் கண் கதவு முனைக்குப் போயிருந்தது. அங்கே ஈரக் காலுறை தொங்கியது. அதிலிருந்து ஒரு சொட்டு கம்பியின் அடிப்பக்கத்தில் திரண்டு நின்றது. கீழே விழவில்லை. கம்பி அதிர, அது மெல்ல நகர ஆரம்பித்தது. முன்னாலேயே போன சொட்டுகள் போட்டுவைத்த ஈர வழியில், ஹேங்கர்களைத் தாண்டி வந்தது. அப்பாவின் தலை அதனோடு கூடவே திரும்பியது. முப்பது வருடமாகத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தே வாழ்ந்த கண். அது வேறு எதையும் பார்க்காது.

சொட்டு கொக்கின் இடது கைக்கு வந்து, அவள் விரலில் இடித்து, தரையில் விழுந்தது. அங்கே ஏற்கனவே ஒரு சின்ன ஈர வட்டம் இருந்தது.

சிரிப்பு போய்விட்டது.

அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் கேட்பார். காலைப் பக்கவாட்டில் நீட்டினாள், இழுத்தாள். அப்பா எழுந்தார். பையைத் திறந்தார். தொட்டுத் தேடாமலே ரசமட்டம் கைக்கு வந்தது. நடுவில் குமிழி மிதக்கும் அந்தச் சின்ன மஞ்சள் கட்டையை எடுத்துவந்து, அவள் கைக்குப் பக்கத்தில் கம்பியின் மேல் வைத்தார்.

குமிழி நடுவில் நிற்கவில்லை. கதவுப் பக்கம் ஏறி, கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.

அவர் கட்டையை எடுத்து, முனை மாற்றி வைத்துப் பார்த்தார். சந்தேகம் வந்தால் மட்டத்தையே சோதிக்கிற வழி அது. குமிழி மறுபடி கதவுப் பக்கம்தான் ஏறியது. அதே கோடு. ஒரு மயிரிழைகூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை.

“அப்பா” என்றாள் அக்கா. “அது வந்து… நாங்க…”

அவர் சன்னல் திண்டைப் பார்த்தார். அக்கா கையை எடுத்திருந்தாள். திருப்புளி அங்கே கிடந்தது. அளவு நாடா பக்கத்தில் சுருண்டு கிடந்தது. இவர்களுக்கு முன்னாலேயே தெரியும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது என்று கொக்குக்குத் தெரிந்தது. மேசை மேல் இருந்த பெரிய எக்ஸ்ரே உறையையும் அவர் பார்த்தார். அதன் மேல் அவள் பெயர் எழுதியிருந்தது.

பிறகு அவளைப் பார்த்தார். அவள் முகத்தை அல்ல. வலது தோளைப் பார்த்தார், இடது தோளைப் பார்த்தார். ஒரு குழாயின் இரண்டு முனையைப் பார்க்கிற மாதிரி.

“எலும்பு நல்லா இருக்குப்பா” என்றாள் கொக்கு. “டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு. தோள் சும்மா பழக்கம்தானாம். சரியாயிடும்னாரு. நீங்க ஒண்ணும்…”

அவர் கை அவள் இடது தோளை நோக்கி வந்தது. தொடுவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது நின்றது. அப்படியே கீழே போய்விட்டது.

“மறுபக்கம்” என்றது டீச்சரின் குரல்.

எட்டு மாதப் பழக்கத்தில் கொக்கின் உடம்பு தானாகத் திரும்பியது. திரும்பிச் சன்னலைப் பார்த்து, வலது கையைக் கம்பியில் வைத்த பிறகுதான், தான் அவருக்கு முதுகு காட்டி நிற்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். கருவிப் பை சுவரோரம் வாய் திறந்தபடி இருந்தது. ரசமட்டம் கம்பியின் மேலேயே இருந்தது. வாசலில் செருப்பும் அப்படியே இருந்தது. பை இல்லாமல் அப்பா வெளியே போய் அவள் பார்த்ததே இல்லை.

“அப்பா, எங்கே போறீங்க?”

அவர் திரும்பவில்லை. சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு, வெறுங்காலோடு படி இறங்கிப் போனார்.